இருபது எண்ணும் வரை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், தங்கங்களா. ஊசித் துளை வழியாகப் படம் பிடித்த ஒரு பிள்ளையின் கதை வைத்திருக்கிறேன். சின்னக் கதைதான், கேட்டுவிட்டுப் போங்கள்.

கோச்சடைக்கு மேற்கே, கால்வாய் ஓரத்தில் கருத்தக்கண்ணனுக்கு ஒரு துண்டு வயல். அவர் மகள் தமிழ்ச்செல்வி பசுமலையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பழைய பிஸ்கட் டப்பாவுக்கு உள்ளே கறுப்புப் பெயின்ட் அடித்து, பக்கவாட்டில் ஊசியால் ஒரு துளை போட்டு, அதன்மேல் கறுப்பு டேப்பை ஒட்டி, இதுதான் கேமரா என்றாள். லென்ஸ் கிடையாது. இருட்டறையில் போர்வைக்குள் உட்கார்ந்து, டப்பாவுக்குள் ஒரு துண்டு ஃபிலிமை ஒட்டுவாள். ஒரு துண்டுக்கு ஒரு படம். டேப்பைப் பிரித்து, எண்ணி, திரும்ப ஒட்ட வேண்டும். முதல் படம் வெறும் மூட்டம். இரண்டாவதில் வேப்பமரத்தின் தூர் மட்டும் கல் மாதிரி விழுந்திருந்தது. காற்றில் ஆடிய இலையெல்லாம் புகை.

மூன்றாவதற்கு, ஒரு சனிக்கிழமை, டப்பாவை வயலோரக் கல்லின்மேல் வைத்து, எதிரே அப்பாவை வரப்பில் நிறுத்தினாள். செல்போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிற மனிதர். டப்பாதானே என்று நின்றார்.

"இருபது எண்ணுற வரைக்கும் ஆடக் கூடாதுப்பா. சிரிச்சா வாய் கலங்கிரும். மூஞ்சிய உம்முன்னு வச்சுக்க."

"அது பொறந்ததுலருந்தே அப்டித்தான இருக்கு," என்றாள் களையெடுத்துக்கொண்டிருந்த அம்மா ஒச்சாயி.

டேப்பைப் பிரித்துவிட்டுச் செல்வி ஓடிவந்து அப்பாவின் இடப்பக்கம் நின்றாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க எண்ணினாள். "நான் பிந்தி வந்தேன்ல, லேசாத்தான் விழுவேன். எனக்குள்ளாற வயலு தெரியும் பாரேன்."

திரும்ப ஒட்டிவிட்டு அம்மாவிடம் சொன்னாள்: "இந்த டேப்ப மட்டும் பிரிச்சுராதம்மா. திங்கக்கெழம வில்லாபுரத்துல குடுத்துக் கழுவிக்கிருவோம்."

ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் கண்டது. அடுத்த ஞாயிறு அவள் இல்லை.

கருத்தக்கண்ணன் அந்த டப்பாவைத் துண்டில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைத்தார். முப்பது கழியட்டும் என்றிருந்தார். அப்பாவும் மகளுமாக நின்ற படம் உலகத்தில் அது ஒன்றுதான். அதை நினைத்துத்தான் அத்தனை நாளும் அவருக்குச் சோறு இறங்கியது.

முப்பதாம் நாள் அவர் பூமாலை வாங்கப் போய்த் திரும்பியபோது வீட்டில் படையல் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பத்தில் மூடிய பொருளைப் படைக்க மாட்டார்கள். பிஸ்கட் பொட்டலத்தைக் கிழித்து, கலர் பாட்டிலின் மூடியைத் திருகி வைத்தால்தான் போனவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்பது நம்பிக்கை. இலையின் தலைமாட்டில், பூப்போட்டு, செல்வியின் டப்பா திறந்திருந்தது. சன்னல் வெயில் நேராக அதற்குள் விழுந்துகொண்டிருந்தது.

"டேப்புல கை வைக்கல. மூடியத்தான் தொறந்தேன்," என்றாள் ஒச்சாயி. "புள்ளைக்கு அம்புட்டு உசிரான சாமானாச்சே. மூடி வச்சா எப்டி எடுப்பா?"

போர்வைக்குள் குனிந்திருந்த மகளின் முதுகு அவர் கண்ணுக்குள் வந்து போனது. வாங்கிவந்த மாலையை டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நல்லதுதான் செஞ்ச," என்றார்.

இருந்தாலும் மறுநாள் வில்லாபுரம் போனார். ஃபிலிம் கழுவுகிற சோணைமுத்து அந்தத் துண்டைக் கழுவி, விளக்குக்கு நேரே பிடித்துக் காட்டினார். ஓரத்திலிருந்து ஓரம் வரை கறுப்பு.

"வெளிச்சம் பூந்துருச்சுண்ணே. யாரு தொறந்தது?"

"நாந்தான் தம்பி."

வீட்டில் ஒச்சாயி கேட்டாள், "வந்துச்சா?"

"கழுவ நாளாகுமாம்."

அடுத்த நாள் சட்டையை நனைக்க எடுத்தபோது பையிலிருந்து அந்தத் துண்டு அவள் கைக்கு வந்தது. சூரியனுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். சூரியன்கூடத் தெரியவில்லை. சட்டையை அப்படியே போட்டுவிட்டு வயலுக்கு நடந்தாள்.

காலி டப்பா அதே கல்லின்மேல் இருந்தது. டேப் பிரிந்திருந்தது. கருத்தக்கண்ணன் அதே வரப்பில், இடது கையைச் சற்று விரித்து நின்றுகொண்டிருந்தார். உதடு மட்டும் அசைந்தது. ஒச்சாயி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் ஏறி, அவருக்கு இடப்பக்கம், நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டு நின்றாள்.

"எத்தன ஆச்சு?"

"பன்னெண்டு."

"மொதல்லருந்து எண்ணுங்க."

அவர் ஒன்றிலிருந்து தொடங்கினார். காற்றில் பயிரெல்லாம் ஆடியது. அவர்கள் இருவரும் ஆடவில்லை.

நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், தங்கங்களா. உங்கள் வீட்டில் படம் எடுக்கும்போதெல்லாம், எல்லோரும் நெருக்கியடித்து நின்றும் இடம் பற்றாமல் போகட்டும்.