முயல் காய்ச்சல்

பிளாஸ்டிக் அங்கியின் நாடா முதுகுப்புறம் எட்டாமல் அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவே பின்னால் வந்து முடிச்சுப் போட்டுவிட்டார். போட்டுக்கொண்டே கேட்டார்.

"சமீபத்துல உங்க வீட்டுக்காரர் ஏதாவது மிருகத்தைத் தொட்டாராம்மா? காட்டுப் பக்கம் போனாரா?"

"காட்டுக்கு எங்க போறாரு. விளையாட்டு மைதானத்துல புல்லு வெட்டுறவரு. மைதானத்தை விட்டா வீடு, வீட்டை விட்டா மைதானம்."

"நல்லா யோசிச்சுப் பாருங்க. காய்ச்சல் எந்த மருந்துக்கும் கேக்கலை. ரெண்டு நுரையீரலும் கெட்டுப்போயிருக்கு. அவரையே கேக்கலாம்னா தொண்டையில குழாய்."

அதுதான் கொடுமை. பேச்சை நிறுத்தத் தெரியாத மனிதர். மைதானத்தில் வேலை செய்கிறவர்கள் அவரை 'ரேடியோ' என்றுதான் கூப்பிடுவார்கள். சாயங்காலம் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார். பந்துவீச்சாளர் ஒருவன் மோதிரத்தைத் தொலைத்துவிட்டு எல்லோரையும் புல்லில் தவழவிட்டது, மேனேஜர் தண்ணீர்க்குழாயைத் திறக்கப்போய்த் தானே குளித்தது என்று ஒன்று விடாமல் வந்துவிடும். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் நாளெல்லாம் குனிந்து லென்ஸ் தேய்க்கிறவள். பேச்சு அதிகம் கிடையாது. அவர் சொல்லச் சொல்ல 'ம்' போடுவதுதான் அவள் பங்கு. ஒன்று தவறினாலும் கண்டுபிடித்துவிடுவார். "ஒரு 'ம்' குறையுதே. தூங்கிட்டியா?"

டாக்டரம்மா போனபின் கட்டிலருகே உட்கார்ந்து, அந்தப் பேச்சையெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக நினைவிலிருந்து எடுத்துப் பார்த்தாள். காய்ச்சல் வருவதற்குச் சில நாள் முன்பு சாப்பிட்டுக்கொண்டே ஏதோ சொன்னாரே.

"மிஷின் திடீர்னு ஒரு உதறு உதறுச்சு. என்னடான்னு குனிஞ்சு பாத்தா முயலு."

"ஐயோ. உசுரோடயா?"

"எப்பவோ செத்தது. வேலி ஓரம் புல்லு உசரமா கிடந்துச்சா, தெரியலை. பிளேடு அரைச்சு, அப்படியே புகையாட்டம் மூஞ்சியில அடிச்சிருச்சு."

"சாப்பிடும்போது இதைச் சொல்லணுமா?"

"சரி, நல்லதாவே முடிக்கிறேன். குழி தோண்டிப் புதைச்சேன். அதுக்கு யாரு இருக்கா, நான்தானே சொந்தக்காரன்."

அவள் எழுந்து டாக்டரம்மாவைத் தேடி ஓடினாள். முயல் கதையை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்ப வாய், மூக்கையெல்லாம் துணியால மூடியிருந்தாரா?"

"வாயை மூடுறவரா அவரு?"

சொன்னபிறகுதான் அது வேடிக்கையாக இருப்பது அவளுக்கே தெரிந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போய்விட்டது.

"முயல் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கும்மா. காட்டு முயல், எலிகிட்டேருந்து மனுஷனுக்கு வர்ற கிருமி. மூச்சுல உள்ள போனா இப்படித்தான் நெஞ்சைப் பிடிக்கும். ரத்தத்தைச் சோதனைக்கு அனுப்புறேன். அது வர்றதுக்குள்ள மருந்தை மாத்திடலாம்."

"பொழைச்சுக்குவாரா டாக்டர்?"

"முன்னாடியே…" என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். "பாக்கலாம்மா." இரண்டடி போய்த் திரும்பினார். "நான் நினைக்கிறது சரின்னா இது ஆளுக்கு ஆள் ஒட்டாது. கையுறையைக் கழட்டிட்டு அவர் கையைப் பிடிச்சுக்கங்க. அப்புறம் நல்லா கழுவிடுங்க."

இத்தனை நாளும் ரப்பர் வழியாகத் தொட்ட கை. உள்ளங்கையில் காய்ப்பு அப்படியே இருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் புல்கறை கொஞ்சம் பச்சையாக ஒட்டியிருந்தது. அதை நகத்தால் சுரண்டப் போனவள் விட்டுவிட்டாள்.

புது மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஏதாவது பேசலாம் என்று பக்கத்தில் நின்ற நர்ஸ் சொன்னாள். என்ன பேசுவது? பேசிப் பழக்கமில்லை.

"இன்னிக்குக் கடைக்கு ஒருத்தர் வந்தாரு," என்று ஆரம்பித்தாள். அவள் கடைக்குப் போய் வாரமாகிறது. "கண்ணே தெரியலைன்னு ஒரே சண்டை. வாங்கிப் பாத்தா, அவரு போட்டுட்டு வந்தது அவரு பொண்டாட்டி கண்ணாடி."

சற்று நின்றாள். மூச்சு மிஷின் ஏறி இறங்கியது.

"அப்புறம் கேளுங்க. அந்தம்மா அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு வெளியில நிக்குது. ரெண்டு பேரும் ஆளை ஆளு தேடிக்கிட்டு…"

'ம்' இல்லை. இருந்தும் கதையை விடாமல் இழுத்தாள். வந்தவருக்கு ஒரு மைத்துனரைக் கொடுத்தாள். மைத்துனருக்கு ஒரு ஸ்கூட்டரைக் கொடுத்தாள். இவ்வளவு கதை தன்னிடம் எங்கே இருந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. வெயில் ஜன்னலை விட்டு நகர்ந்தபோது நர்ஸ் மெதுவாக வந்து அவள் தோளில் கை வைத்தாள். அப்போதும் அவள் அந்த ஸ்கூட்டரை நடுத்தெருவில் நிறுத்தியிருந்தாள்.

மறுநாள் அடக்கம் முடிந்து திரும்பும்போது, அவரோடு புல் வெட்டிய நெட்டையன்தான் வேனை ஓட்டினான். வேனில் வேறு யாரும் இல்லை. ரேடியோ இல்லாத வேனில் அவனுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. இரண்டு முறை தொண்டையைக் கனைத்தான்.

"அண்ணி, மைதானத்து வழியாப் போகட்டுமா, சுத்திப் போகட்டுமா?"

"அந்த வழியாவே போங்க தம்பி."

மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. சுகாதாரத்துறை ஆட்கள் யாரையும் உள்ளே விடவில்லையாம்.

"ஒரு நிமிஷம் நிறுத்துறீங்களா?"

நிறுத்தினான். அவள் இறங்கவில்லை, கண்ணாடியை மட்டும் இறக்கினாள்.

"அன்னிக்குப் பாதியிலேயே உடம்பு அனலாக் கொதிக்குதுன்னு உக்காந்துட்டாரு," என்றான் நெட்டையன். "மிச்சத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்னு நான்தான் வீட்டுக்கு அனுப்பிவெச்சேன். அதுக்கப்புறம் யாரும் மிஷினைத் தொடலை."

அதற்குப் பின் எல்லாமே வளர்ந்திருந்தது. ஆனாலும் நடுவில் நூல் பிடித்த மாதிரி ஒரு கோடு தெரிந்தது. இந்தப் பக்கம் புல் கணுக்கால் அளவு, அந்தப் பக்கம் முழங்கால் அளவு. காற்று வந்தது. உயரமான புல் மொத்தமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் நுனிகள் மட்டும் லேசாக ஆடின.

நெட்டையன் சாவியைத் திருகி இஞ்சினை அணைத்தான்.