சினிவாவின் தோஆலா சாப்பிட்ட வீடுகள்

சினிவாவின் தோஆலா அவள் உடம்பை விட்டு வெளியேறியது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பஸ் போன பிறகு. தொப்புள் வழியாக இறங்கி, பாய்க்கு அடியில் புகுந்து, கோழிமுட்டை அளவு புடைப்பாக ஊர்ந்து, சுவரில்லாத வீட்டின் தூண்களுக்கு நடுவே வெளியேறி, மணல் ரோட்டில் நடந்தது. வெளியே வந்தபின் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. மணலில் ஒரு குழி விழும், கொஞ்சம் தள்ளி அடுத்த குழி விழும், அவ்வளவுதான். அன்றைக்குத் தலைநகர் ஆபியாவிலிருந்து மாவு மூட்டை வரவேண்டிய படகு வரவில்லை. ஃபங்காலேலே ஊரில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசிக்கொண்டார்கள்.

தோஆலா இல்லாத மனிதர் சவாயித் தீவில் கிடையாது. தொப்புளுக்குக் கீழே விரல் வைத்தால் துடிப்பது அதுதான். நேரத்துக்குச் சாப்பிடாவிட்டாலும், துக்கத்தை வெறும் வயிற்றில் விழுங்கினாலும் அது இடம் மாறும். விலாவுக்கு ஏறும், நெஞ்சுக்குழியில் பதுங்கும். அப்புறம் வாயில் வைப்பது எதுவும் உள்ளே இறங்காது. விடிகாலையில், பச்சைத் தண்ணீர்கூடப் படாத வயிற்றில் தேங்காயெண்ணெய் தடவி, மூன்று நாள் நீவினால் திரும்பி வரும். ஃபங்காலேலேயில் இருபத்தாறு வருஷமாக அப்படி நீவிக்கொண்டிருந்தவள் சினிவாதான். ஊரில் அவள் கை படாத வயிறு இல்லை. வயிற்றிலிருந்து நெஞ்சுக்குப் போகத் தெரிந்த ஒன்றுக்கு, ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போவதா பெரிய காரியம் என்று ஊர் எடுத்துக்கொண்டது. சிக்கல் ஒன்றுதான். நீவுகிறவள் தன் வயிற்றைத் தானே நீவிக்கொள்ளக் கூடாது. அந்த வயிறு கேட்பதற்கெல்லாம் அந்தக் கை சம்மதித்துவிடும்.

அவள் புருஷன் இறந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. மகள் பெலெ ஆக்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அடுத்தவர்களுக்குச் சோறூட்டிக்கொண்டிருந்தாள். சினிவாவின் வீடு கடற்கரைப் பக்கம், ரோடு முடிகிற இடத்தில். அதற்கு அப்பால் போக யாருக்கும் வேலை இல்லை. இந்த ஊரில் சாப்பிட உட்கார்ந்தவர் ரோட்டில் போகிறவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும்: “வா, சாப்பிடலாம்.” போகிறவர் “இப்பதான் ஆச்சு” என்று சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருக்கவேண்டும். சுவரில்லாத வீடுகளில், எல்லார் கண்ணெதிரிலும் சாப்பிடுகிற ஜனங்கள் இந்த இரண்டு வாக்கியத்தை வைத்துத்தான் மரியாதையாக வாழ்ந்துவிடுகிறார்கள். யாரும் கடந்து போகாத வீட்டில் சினிவா நாலு வருஷமாக யாரையும் கூப்பிடாமல் சாப்பிட்டாள். விடியற்காலையில் நீவிக்கொள்ள வருகிறவர்கள் படுப்பார்கள், முனகுவார்கள், எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, பசிக்கிறது என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

தோஆலா முதலில் தங்கியது மாதர் கமிட்டித் தலைவி எசேட்டாவின் வீட்டில். பதினாலு பேர் வட்டமாக உட்கார்ந்து சாப்பிடுகிற வீடு. பாயில் ஒரு புடைப்பு துடிப்பதைப் பார்த்து, அதன்மேல் கால் வைக்காமல் சுற்றிப் போகச் சொல்லிப் பிள்ளைகளைப் பழக்கினார்கள். ஒரு வாரத்தில் அந்த வீட்டில் ஏப்பம் நின்றது. எண்பது வயது மாமனார் பன்றிக்கறி இரண்டாம் முறை கேட்டு வாங்கினார். அடுத்து அது போதகர் வீட்டுக்குப் போனது. அவருடைய பிரசங்கம் ஒன்றேமுக்கால் மணி நேரத்திலிருந்து நாற்பது நிமிஷமாகக் குறைந்தது. அத்தனை வருஷமாக ஆவியானவர் என்று சபை நம்பியதில் பாதிக்குமேல் வாயு என்று அப்போதுதான் தெரியவந்தது.

சினிவா அதைக் கூப்பிட்டு வரப் போனாள். வழியில் எசேட்டா மறித்து உதட்டைப் பிதுக்கினாள். “எங்க வீட்ல ஒழுங்காத்தானே இருந்துச்சுக்கா. நீ வேளாவேளைக்குச் சோறு போட்டிருந்தா அது ஏன் ஊர் சுத்துது?”

“வேளாவேளைக்குத்தான் சாப்பிட்டேன்” என்றாள் சினிவா.

“யாரோட?”

சினிவா வெறுங்கையோடு வீட்டுக்குத் திரும்பினாள். எசேட்டா சொன்னதையே நல்ல வார்த்தையில் சொல்ல, ஆபியாவின் சுகாதார இலாகாவிலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். கமிட்டி வீட்டில் படம் மாட்டி, செரிமானத்துக்கும் நல்வாழ்வுக்கும் தன்னைத் தானே பேணிக்கொள்வது எப்படி என்று விளக்கினாள். ஒவ்வொரு கவளத்தையும் முப்பத்திரண்டு முறை மெல்லவேண்டும். அரை மணி நேரம் நடக்கவேண்டும். மூச்சை நாலு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடவேண்டும். சாப்பிடும்போது பேசக் கூடாது, மனசை உணவில் வைக்கவேண்டும். மற்ற பெண்கள் கைதட்டிவிட்டு, கூட்டத்துக்கென்று செய்த பான்கேக்கை மெல்லாமல் விழுங்கினார்கள். சினிவா ஒருத்திதான் எல்லாவற்றையும் வரி பிசகாமல் செய்தாள். பேசக் கூடாது என்ற விதி அவளுக்கு மிகவும் சுலபமாக இருந்தது. பெலெ ஆக்லாந்திலிருந்து ஒரு டப்பா அனுப்பினாள். உயிரோடிருக்கும் நல்ல கிருமிகள், ஒரு கரண்டியில் ஐநூறு கோடி என்று எழுதியிருந்தது. இத்தனை பேர் உள்ளே வந்தால் கலகலப்பாக இருக்கும் என்று நினைத்துச் சினிவா தினமும் ஒரு கரண்டி சாப்பிட்டாள். ஒன்றும் ஆகவில்லை. பசி என்பது எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. கோகோவும் எலுமிச்சை இலைத் தண்ணீரும்தான் இறங்கின. ஏழு மாதத்தில் அவள் எவ்வளவு இளைத்தாள் என்றால், மழையில் நடந்து வந்தால் தோளில் மட்டும்தான் நனைந்தாள். ஆஸ்பத்திரி நர்ஸ் இரண்டு முறை எடை பார்த்தாள். இப்படியே போனால் கிறிஸ்துமஸ் பார்ப்பது கஷ்டம் என்று இரண்டு முறையும் சொன்னாள். பக்கத்து ஊரில் நீவுகிறவளிடம் போனபோது, அவள் எண்ணெய் தடவி, தொட்டுப் பார்த்து, “உள்ள ஆளே இல்ல, நான் யாரை நீவுறது?” என்று கையைத் துடைத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் தோஆலா ஒரு குற்றம் செய்தது. மாலையில் சங்கு ஊதினால் ஜெப நேரம். ஊரே அவரவர் வீட்டுக்குள் இருக்கவேண்டும், ரோட்டில் நாய்கூட நடக்காது. காவலுக்கு நிற்கிறவர்கள் கண்ணெதிரிலேயே தோஆலா போதகர் வீட்டிலிருந்து கிளம்பி, குழி குழியாக ரோட்டைக் கடந்தது. ஊர்ச்சபை கூடியது. தலைமைப் பேச்சாளர் லவுதாசி எழுந்தார். லவுதாசி என்பது குடும்பத் தலைமையோடு வரும் பட்டப்பெயர். அதைச் சுமக்கத் தொடங்கி முப்பது வருஷத்தில் அவருடைய சொந்தப் பெயரைக் கூப்பிட ஆளில்லாமல் போயிற்று. கைத்தடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வானம் கடலிலிருந்து பிரிந்த நாளில் தொடங்கி, இரண்டு மணி நேரத்தில் சினிவாவின் வயிற்றுக்கு வந்து சேர்ந்தார். உடையவளுக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம் என்றார்.

“அது என் பேச்சைக் கேக்குற மாதிரி இருந்தா, நான் ஏன் ஐயா இப்படி இருக்கேன்?” என்று சினிவா கேட்டாள். அது குறிப்பில் ஏற்றப்படவில்லை. மீனைச் சபை அன்று மதியமே சாப்பிட்டு முடித்தது. தோஆலாவும் பாய்க்கடியில் வந்து கலந்துகொண்டதால் யாருக்கும் எதுக்களிக்கவில்லை.

லவுதாசிக்கு மட்டும் அன்றைக்கும் இறங்கவில்லை. பட்டம் வாங்கிய நாளிலிருந்தே அவருக்கு வயிறு சரியில்லை. மாதத்துக்கு ஒரு முறை, இருட்டு விலகுமுன், பின்பக்க வழியாகச் சினிவாவிடம் வந்து நீவிக்கொண்டு போவார். நீவும்போது அவருடைய தோஆலா விலாவுக்குள் கைப்பிடி மண் போல இறுகிக் கிடப்பதைச் சினிவா அறிவாள். வெளியே சொன்னதில்லை. பெரியவர் முதலில் சாப்பிடவேண்டும், மற்றவர்கள் அவர் முடித்தபின் சாப்பிடவேண்டும் என்பது முறை. அதனால் முப்பது வருஷமாக வீட்டில் அவருக்கு எதிரே யாரும் சாப்பிட்டதில்லை. மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று ஆக்லாந்து போய் ஆறு வருஷம் ஆகிறது. தங்கை ஃபுவாதினோ பரிமாறிவிட்டு ஈ விரட்ட உட்கார்ந்திருப்பாள். அவர் கை கழுவியதும் பின்வீட்டுக்குப் போய்த் தன் பிள்ளைகளோடு சிரித்துச் சாப்பிடுவாள். சத்தம் முன்வீடு வரைக்கும் கேட்கும்.

நவம்பரில் தோஆலா அவர் வீட்டுக்குப் போய், அங்கேயே இருந்துவிட்டது. கூட்டமாகச் சாப்பிடுகிற வீடுகளை விட்டு அது ஏன் அங்கே போனது என்று ஊரில் பல கருத்து இருந்தது. எல்லாமே தப்பு என்பது பிறகு தெரிந்தது. சினிவா ஒரு மத்தியானம் அதைத் தேடி அந்த வழியாக நடந்தாள். உள்ளே போய்க் கேட்கிற தைரியம் இல்லை. ரோட்டிலிருந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்றுதான் வந்தாள். லவுதாசி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். முறைப்படி, தலையை நிமிர்த்தாமலே கூப்பிட்டார்.

“வா, சாப்பிடலாம்.”

இப்பதான் ஆச்சு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். ஏழு மாதமாகச் சாப்பிடாத வாய். அந்தப் பொய்யை அதற்குத் தூக்க முடியவில்லை. சினிவா ரோட்டிலிருந்து இறங்கி, செருப்பைக் கழற்றி, இரண்டு தூண்களுக்கு நடுவே நுழைந்து, பாயில் அவருக்கு நேர் எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்தத் தீவில் மனிதர் குடியேறிய நாளிலிருந்து அந்த வாக்கியத்தை யாராவது நம்பியது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

ஃபுவாதினோவின் விசிறி நின்றது. “அக்கா, சும்மா முறைக்குக் கூப்பிட்டாரு” என்றாள் மெதுவாக.

“தெரியும்” என்றாள் சினிவா. “எந்திரிக்க முடியல.”

லவுதாசி வாயைத் திறந்தார். கல்யாணத்துக்கு, சாவுக்கு, மந்திரி வருகைக்கு, பன்றி தொலைந்ததற்கு எல்லாவற்றுக்கும் அவரிடம் பேச்சு இருந்தது. இதற்கு இல்லை. சுட்ட சேம்பங்கிழங்கை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை இலையோடு அவள் பக்கம் தள்ளினார். தேங்காய்ப்பால் ஊற்றி மடித்துச் சுட்ட சேம்பிலையையும் தள்ளினார். அவர்கள் இருவருக்கும் நடுவே பாய் எழும்பி எழும்பித் தாழ்ந்தது. சினிவாவுக்குப் பசி வந்தது. கடற்பக்கத்திலிருந்து வருகிற மழைபோல, முதலில் சத்தம் கேட்டது, பிறகு வந்தது. முப்பத்திரண்டு முறையெல்லாம் எண்ணவில்லை. அவள் முடிக்கும்வரை அவரும் மென்றுகொண்டிருந்தார்.

“நல்லாருக்கா?” என்றார் கடைசியில்.

“உப்புக் கொறைச்சல் ஐயா.”

“முப்பது வருஷமா கொறைச்சல்தான்” என்றார் லவுதாசி. “சொல்றதுக்கு ஆளில்ல.”

மறுநாள் அதே நேரத்துக்கு அவள் அந்த வழியாக நடந்தாள், அவர் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். தோஆலா அவள் வயிற்றுக்குத் திரும்பவில்லை. அது எங்கே இருக்கிறதோ அங்கே போய்ச் சாப்பிடுவது என்று அவள் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்குள் பழைய சட்டைகள் சரியாகப் பொருந்தின. லவுதாசிக்கு ஏப்பம் நின்றது. பின்பக்க வழியாக வருவதும் நின்றது. பட்டமில்லாத பெண் பெரியவரோடு ஒரே நேரத்தில் சாப்பிடுவது பற்றி எசேட்டாவின் புருஷன் சபையில் கேட்டான். எல்லாரும் நீளமான பேச்சுக்குத் தயாராகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். லவுதாசி எழுந்திருக்கக்கூட இல்லை. “கூப்பிட்டேன், வந்தாங்க” என்றார். சபை அடுத்த விஷயத்துக்கு, அவிழ்ந்து திரியும் பன்றிகளுக்குப் போனது. ஊரிலும் சில நாள் பேசிவிட்டு விட்டார்கள். ஆனால் அதன்பிறகு சாப்பிடும்போது யாரையாவது கூப்பிடுவதற்கு முன் பானையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டார்கள்.

இப்படிப் பதினோரு வருஷம் போயிற்று. மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை. சாப்பிட்டு முடிந்ததும் அவள் ரோடு முடிகிற இடத்துக்குத் திரும்பிப் போவாள். அவர் பாயில் தனியாகப் படுத்துக் கடலைப் பார்ப்பார். மழை நாளில் குடை ஒன்று போகும், மறுநாள் திரும்பி வரும். அவருடைய சொந்தப் பெயரை அவள் ஒரு தடவை கேட்டாள். அவர் யோசித்துச் சொன்னார். அதை அவள் உபயோகித்தாளா என்று தெரியவில்லை. ஃபுவாதினோ அந்த நேரத்தில் பின்வீட்டில் இருந்தாள்.

லவுதாசி பன்னிரண்டாம் வருஷம் ஆகஸ்டில், புதன்கிழமை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டு இறந்தார். அடக்கத்துக்கு ஆக்லாந்திலிருந்து மனைவியும் நாற்பது பேரும் வந்தார்கள். நீளமான பேச்சுகள் நடந்தன. சினிவா கடைசி வரிசையில், சாவுக்குக் காணிக்கையாக வந்த நுண்பாய்களைச் சுமந்தவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. மூன்றாம் நாள் மாலை ஜெபச் சங்கு ஊதியபின், லவுதாசி வீட்டிலிருந்து கடற்கரைப் பக்கமாக ரோட்டு மணலில் குழி விழ ஆரம்பித்தது. காவலுக்கு நின்றவர்கள் பார்த்தார்கள். அபராதம் பற்றி யாரும் பேசவில்லை. தாமதமாக வந்த கடைசி பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, அது போகட்டும் என்று வழிவிட்டார்கள். அதன் பக்கத்திலேயே, கொஞ்சம் பெரிதாக, கொஞ்சம் தடுமாறிக்கொண்டு இன்னொரு வரிசைக் குழியும் போனது என்று பஸ் டிரைவர் சொன்னார்.

சினிவா இப்போதும் விடிகாலையில் நீவுகிறாள். நீவிக்கொள்ள வருகிறவர்கள் பாயில் துடிக்கும் இரண்டு புடைப்புகளையும் மிதிக்காமல் சுற்றி வந்து படுக்கிறார்கள். மத்தியானம் அவள் சேம்பங்கிழங்கை இரண்டாகப் பிட்டு, பெரிய பாதியை எதிரே இலையில் வைத்து, ரோடு முடிகிற அந்த வீட்டில் யாரும் கடந்து போகாவிட்டாலும், வா, சாப்பிடலாம் என்று சொல்கிறாள். பிறகு உப்பை எடுத்து நடுவில் வைத்துவிட்டுச் சாப்பிடுகிறாள்.