வலது ஆள்காட்டி விரல்

நார்ஃபோக் தீவில் ஒரு செடியினம் அடியோடு அற்றுப்போனால், அன்றே தீவிலுள்ள எல்லோருக்கும் ஒரு விரல் மரத்துப்போகும். முதலில் போனது இடது சுண்டுவிரல். பக்கத்து ஃபிலிப் தீவில் ஒரு கொடியினத்தின் கடைசிக் கொடியை முயல்கள் தின்றுதீர்த்த நாள் அது. அந்தக் கொடியைக் கண்ணால் பார்த்தவர்களே நாலைந்து பேர்தான். வைத்தியர் குளிர்காற்று என்றார், பாதிரியார் பாவம் என்றார். அடுத்து மோதிரவிரல் போனபோது இருவருமே தங்கள் விரலைக் கிள்ளிப்பார்த்துக்கொண்டார்கள். மரத்த விரல் மடங்கும், நீளும், தூண்டிலில் முள் கட்டும். தொட்டால் மட்டும் தெரியாது. அதற்காக யாரும் சாப்பிடாமல் இருந்துவிடவில்லை.

எண்பது ஆண்டுகளில் ஒன்பது விரல்கள் போயின. மிஞ்சியது வலது ஆள்காட்டி விரல். துணி காய்ந்ததா, அடுப்பில் வாழைக்காய் பில்ஹிப் பலகாரம் வெந்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா, எல்லாவற்றையும் அதை வைத்தே பார்த்தார்கள். அந்த விரலோ மலைச்சரிவில் கம்பிவேலிக்குள் நின்ற ஒரே ஒரு சாம்பல்பூப் புதரை நம்பி இருந்தது. அதற்குத் தண்ணீர் ஊற்றிவந்தவள் ஐவீனா குவின்டல். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து அவளுக்கு அப்போது எட்டாம் மாதம். பிறக்கும் பிள்ளையின் கன்னத்தை அந்த விரலால் தொட்டுப்பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை. அந்த வருடம் புதர் ஒரே ஒரு காய் விட்டிருந்தது. அது முற்றி விதை கிடைத்துவிட்டால் விரல் தப்பிக்கும்.

“இன்னும் ஒம்பது நாளு,” என்றாள் புருஷன் செல்வினிடம். தொலைபேசிப் புத்தகத்தில்கூட அவன் பெயர் கரண்டி என்றுதான் இருக்கும். எங்கள் புத்தகத்தில் பட்டப்பெயர் போட்டால்தான் ஆளைப் பிடிக்க முடியும்.

“அதுக்குள்ள உம் புள்ள வந்துட்டா?”

“புள்ள பொறுத்துக்கும். காய் நிக்கணுமே, கரண்டி.”

எங்கள் தீவில் மாடு வந்தால் எல்லோரும் வழிவிட வேண்டும். வைத்தியரின் கார் நிற்கும், சவவண்டியும் நிற்கும். ஆறாம் நாள் காலையில் ஐவீனா வாளியோடு வேலிக்கதவைத் திறந்தபோது தோளில் சூடாக மூச்சுப் பட்டது. திரும்பினாள். கில்ஃபோர்ட் பஃபெட்டின் செவலைப் பசு நின்றது. பிறந்ததிலிருந்து செய்துவந்ததையே அவள் அப்போதும் செய்தாள். ஒதுங்கி நின்று, கதவை நன்றாக விரியத் திறந்துபிடித்தாள். பசு நிதானமாக உள்ளே போயிற்று. அது மென்றுகொண்டிருந்தபோதுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குள் பாதிப் புதர் போயிருந்தது, காயும் போயிருந்தது. அடித்தண்டும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தபோது வாளிப்பிடியின் குளிர்ச்சி அவள் விரலுக்குத் தெரியாமல் போயிற்று. கீழே கடையில் வெண்ணெய்ப்பழத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்த கில்ஃபோர்ட் அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மலைக்கு நடந்தார்.

“ஏம்மா, ஒரு கம்பெடுத்து வெரட்டியிருக்கக் கூடாதா?”

“நீங்களா இருந்தா வெரட்டியிருப்பீங்களா மாமா?”

“மாட்டேன்,” என்றார். பசுவுக்கு வழிவிட்டு இருவரும் நின்றார்கள். ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. ஐவீனாவுக்கு அழுகை வரவில்லை. வராததுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த மாதம் பெண் பிறந்தது. ஐவீனா பத்து விரல்களாலும் ஒவ்வொன்றாகப் பிள்ளையின் கன்னத்தைத் தடவிப்பார்த்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அட, உன் விரலப் புடிச்சிருக்கா பாரு,” என்றான் கரண்டி.

அவள் குனிந்து பார்த்தாள். ஆமாம், பிடித்திருந்தது.

இப்போதெல்லாம் காய்ச்சலைக் கன்னத்தால் பார்க்கிறோம், குளிக்கிற வெந்நீரை முழங்கையால். மகளுக்கு ஆறு வயது. விரலால் தொட்டால் என்ன தெரியும் என்று அவள் இதுவரை கேட்டதில்லை. அந்த வேலி இன்னும் அங்கேதான் இருக்கிறது. மாடு வந்து நின்றால் அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்துபிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறாள்.