பற்பாடகத்துக்கு எத்தனை இதழ்

மீரா உசேனின் நல்ல பேருக்குக் கிலோ நூற்றெண்பது ரூபாய் விலை. திங்கட்கிழமை வரை அது விலைமதிப்பில்லாததாகத்தான் இருந்தது. காவிரிக்கரைக் குத்தாலத்தில் முப்பது வருஷமாக நாட்டு மருந்துக் கடை. அன்றைக்குச் சென்னை கம்பெனிக்காரன் போன் போட்டான்.

"பாய், நீங்க அனுப்பின பற்பாடகத்துல பாதி வேற செடி. எது கலப்படம்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. இல்லேன்னா இனிமே உங்க சரக்கு வேணாம்."

கிலோ நூற்றெண்பதுக்குக் கஷாயத்துக்குப் போகும் அந்த மூலிகைப் பூண்டு அவருக்கு இரண்டு இடத்திலிருந்து வந்தது. பன்னிரண்டு வருஷமாக பூதலூர் பொட்டலிலிருந்து அகிலாண்டம் அனுப்புவது நூல் நூலாக, துடைப்பக் குப்பை மாதிரி இருக்கும். இந்த வருஷம் பற்றாக்குறைக்கு உள்ளூர் தங்கையன் வரப்பில் பறித்துக் கொடுத்ததோ இலையும் தழையுமாக லட்சணமாக இருந்தது. மீரா உசேனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. காவிரித் தண்ணீர் குடித்ததா பொய் சொல்லும்?

புதன்கிழமை காலை பாசஞ்சரில் ஏறினார். அசல் இதுதான் என்று காட்டி அகிலாண்டத்தின் வாயை அடைக்க, தங்கையன் வரப்பிலிருந்து ஒரு கொத்தைப் பிடுங்கி ஈரக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டார்.

செம்மண் பொட்டலில் குந்தியிருந்த அகிலாண்டம் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்ன பாய், பணம் குடுக்க வந்த மூஞ்சியா தெரியலையே."

"எதைப் பறிச்சு என் தலையில கட்டினீங்கம்மா?"

விஷயத்தைக் கேட்டவள் கோபப்படவில்லை. "கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனியுங்க. இப்பதான் வெயில் ஏறி பூ கண்ணு முழிச்சிருக்கு."

பன்னிரண்டு வருஷமாகக் காய்ந்ததை நிறுத்து விற்றவர், முதல் முறையாக அது உயிரோடு நிற்பதைப் பார்த்தார். சாண் உயரம்கூட இல்லை. கம்பி போன்ற தண்டு. கணுவுக்குக் கணு குடைக்கம்பிகளாய்ச் சுற்றிலும் இலை. நுனியில் எள்ளளவு பூ, வெளியே பச்சை, உள்ளே வெள்ளை.

"இதழ் எத்தனை?"

மூச்சுக்காற்றில் பூ ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். "அஞ்சு."

"இப்ப உங்க ஊருதைப் பிரிங்க."

கைக்குட்டையைப் பிரித்தார். கணுவுக்கு இரண்டே இலை, எதிரும் புதிரும். பூவை இரண்டு தரம் எண்ணினார். கூடுவதாக இல்லை.

"நாலு."

"பாலக்காட்டுப் பக்கம் வேலைக்குப் போனப்ப பார்த்திருக்கேன். அங்க இதையும் பற்பாடகம்னுதான் சொல்றாங்க. தங்கையன் மேலயும் குத்தமில்ல, பேரு ஒண்ணு, பூண்டு ரெண்டு. ஆனா ஈரத்துல முளைக்கிறது என் மூட்டைக்குள்ள எப்படி வரும்? அதுக்கு முதல்ல காவிரி இந்த மேட்டுக்கு வரணும், பாய்."

அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டார். "கலந்தது நான்தான் தம்பி. கேட்டது அஞ்சிதழ், நாலிதழையும் சேர்த்து அனுப்பிட்டேன்." எதிர்முனையில் குரல் தணிந்தது. "உண்மையைச் சொன்னீங்களே, பாய். அஞ்சிதழை மட்டும் அனுப்புங்க."

அவருக்கு வெயிலே தெரியவில்லை.

"அகிலாண்டம்மா, என் பேரைக் காப்பாத்திட்டீங்க. உங்களைப் போய் சந்தேகப்பட்டேனே. இதுக்கு என்ன செய்யட்டும்?"

"அடுத்த தரம் திட்ட வர்றதுக்கு முன்னாடி எண்ணிப் பார்த்துட்டு வாங்க. போதும்."

திரும்பும் ரயிலில் சட்டைப்பை நோட்டைப் பிரித்து, பொட்டலில் கிள்ளி வந்த ஐந்திதழ்ப் பூவைத் தாளுக்கு நடுவில் வைத்தார். பக்கத்தில் எழுதினார்:

அகிலாண்டம் காட்டியது ஐந்து. நான் கொண்டுபோனது நாலு. பாக்கி ஒன்று, என் பேரில்.