எட்டு இருபது மழை

பினாங்கில் ஜெலுத்தோங் பக்கத்து அந்த அடுக்குமாடியில் பதினோராம் மாடி ஜெயலெட்சுமியும் பன்னிரண்டாம் மாடி நல்லம்மாளும் பத்து வருஷமாகக் கிண்ணம் மாற்றிக்கொண்டவர்கள். கீழிருந்து மீன் குழம்பு போகும், அதே கிண்ணத்தில் மேலிருந்து பாயசம் வரும். போன பிப்ரவரியில் அந்தக் கிண்ணம் நின்றுபோனது. ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். உண்மையான காரணம் ஐந்தாம் மாடி ரமணியின் மகள் துளசி. பாவம், கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அறிவியலின் பெயரால் செய்தாள்.

துளசி நான்காம் படிவம், பதினாறு வயது. பள்ளியின் அறிவியல் பொறியியல் மன்றத்துக்குத் தலைவி. மன்றத்தில் பதினான்கு பேர். அதில் எட்டுப் பேர் அறிவியலுக்காக வந்தவர்கள் அல்ல, ஏர்கோன் குளிருக்காக வந்தவர்கள். பழைய கம்ப்யூட்டர் அறைதான் மன்றத்தின் அறை. மாணவர்கள் உட்காரும் இடங்களில் ஏர்கோன் ஒழுங்காக ஓடுவது அங்கே மட்டும்தான். பாடகர் குழுவுக்கு அந்த அறைமேல் ரொம்ப நாளாகக் கண்.

மன்றத்தின் சாதனைகளைச் சத்தமாகச் சொல்ல முடியாது. முதலில் தண்ணீர் ராக்கெட் விட்டார்கள். அது வானத்துக்குப் போகாமல் தலைமையாசிரியையின் காருக்குப் போனது. பிறகு கை தட்டினால் எரியும் விளக்கு செய்து மண்டபத்தில் மாட்டினார்கள், பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள். விழாவில் ஒவ்வொரு மாணவருக்கும் கை தட்டத் தட்ட, மண்டபத்து விளக்கு எரிந்து அணைந்து எரிந்து அணைந்து, சிறப்பு விருந்தினர் கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான், சாமி கும்பிடாமல் எதையும் தொடங்குவதில்லை என்ற வழக்கம் மன்றத்துக்கு வந்தது. துளசி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைப்பாள். பொறுப்பாசிரியர் ஹாஃபிஸ் சார் கையேந்தி துஆ கேட்பார். மன்றத்துச் சீன மாணவி சியூ லிங் ஊதுபத்தி காட்டுவாள். மூன்று பக்கமும் சொல்லி வைத்தாகிவிட்டது என்ற தைரியத்தில் பிறகுதான் சுவிட்சைப் போடுவார்கள்.

"இந்த வருஷம் மாநிலப் போட்டிக்கு நம்ம பேரு போகலேன்னா ரூமைப் பாடகர் குழுவுக்குக் குடுத்துடுவேன்னு தலைமையாசிரியை புவான் சொல்லிட்டாங்க. நான் ஒண்ணும் பண்ண முடியாது லா," என்றார் ஹாஃபிஸ் சார். ஏர்கோன் பிரிவு எட்டுப் பேரும் அன்றைக்குத்தான் முதன்முறையாக அறிவியலில் ஆர்வம் காட்டினார்கள்.

அப்படிப் பிறந்ததுதான் துணி மெஷின். காயப் போட்ட துணியை, மழை வந்தால் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும் கொடி. பழைய காரிலிருந்து கழற்றிய வைப்பர் மோட்டார், இரண்டு கப்பி, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தீப்பெட்டி அளவுத் தகடு. தகடு நனைந்தால் மழை. கொடி ஓடி உள்ளே வந்துவிடும். மறுபடி பட்டனை அழுத்தினால்தான் வெளியே போகும். எத்தனை மணிக்கு நனைந்தது என்பதை மெஷினே குறித்து வைக்கும். ப்ரோகிராம் எழுதியவன் செயலாளர் கோகுலன். எதில் தப்பு வந்தாலும் அது துளசியின் வயரிங்கில்தான் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் ரகம்.

போட்டியின் விதி ஒன்று இருந்தது. மன்றத்தாரின் சொந்தமல்லாத ஒரு வீட்டில் பதினான்கு நாள் மெஷின் ஓட வேண்டும். அந்த வீட்டுக்காரர் கருத்து எழுதிப் பாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். துளசி ஜெயலெட்சுமியைப் பிடித்தாள். பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்த்துவிட்டுக் காலையில் வந்து துவைத்துக் காயப் போட்டுத் தூங்குகிற ஒற்றை ஆள். மழை வந்தால் எழுந்து ஓட வேண்டியதில்லை என்றதும் அவளும் சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

ஒரு சனிக்கிழமை பின்பக்க பால்கனியில் மாட்டினார்கள். கரண்ட் கொடுக்கும் முன்னால் துளசி வழக்கப்படி மஞ்சள் தண்ணீர் தெளித்துப் பொட்டு வைத்தாள். ஜெயலெட்சுமி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆறாம் நாள் மாலை லிஃப்ட் வாசலில் ஜெயலெட்சுமி துளசியை மடக்கினாள்.

"தங்கச்சி, உன் மெஷினைக் கழட்டிக்கிட்டுப் போயிடு."

"ஏங்க்கா?"

"ஏனா? தினமும் காயப் போட்டுட்டுப் படுக்குறேன். ரெண்டு மணிக்கு எந்திரிச்சா எல்லாத் துணியும் உள்ள சுருண்டு கெடக்குது. ஈரம் நாறுது. நேத்து சூப்பர்வைசர் கேக்குறான், அக்கா மழையில நனைஞ்சீங்களான்னு. ஒரு பொட்டு மழை இல்ல வெளிய!"

மழை இல்லைதான். பினாங்கே காய்ந்து கிடந்தது. ஆனால் கோகுலன் மெஷினின் குறிப்பை எடுத்துப் பார்த்தால், ஐந்து நாளும் மழை. அதுவும் காலை எட்டு இருபதுக்கும் எட்டு இருபத்தைந்துக்கும் நடுவில்.

"மணி பாத்தா மழை வரும்? இது ஆளு," என்றான் கோகுலன். "மேல் வீட்டுல துணி காயப் போடுற நேரம். அங்கேர்ந்து சொட்டுது."

நியாயமாகத்தான் பட்டது. எந்த அடுக்குமாடியிலும் மேல் வீட்டுத் துணி கீழ் வீட்டில் சொட்டுவது பழைய வழக்குத்தானே. துளசி அதை அழகாக ஒரு வரைபடமாக்கி, கலரில் பிரிண்ட் எடுத்து, ஜெயலெட்சுமியிடம் கொடுத்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே "காரணம்: மேல் மாடி" என்றும் டைப் அடித்திருந்தாள்.

ஜெயலெட்சுமி அதை எடுத்துக்கொண்டு நேராகப் பன்னிரண்டாம் மாடிக்குப் போனாள். அந்தப் பேச்சு ஒன்பதாம் மாடி வரைக்கும் கேட்டது. எட்டாம் மாடிக்காரர்கள் சரியாகக் கேட்கவில்லை என்று ஒன்பதுக்கு ஏறி வந்தார்கள்.

"எங்க வீட்டு வாஷிங் மெஷின் புழிஞ்சு குடுக்குது ஜெயா! கையில புடிச்சா ஈரமே தெரியாது!"

"அப்ப இது என்ன? கலர்ல போட்டுருக்கு, பாரு! சயன்ஸு!"

"உன் சயன்ஸைக் கொண்டுபோய்க் குழம்புல போடு!"

அன்றோடு கிண்ணம் நின்றது. நல்லம்மாள் ரோஷத்தில் பின்பக்கம் காயப் போடுவதையே நிறுத்தி, முன்பக்க நடைபாதையில் காயப் போட்டாள்.

பிரச்சினை என்னவென்றால், மறுநாளும் எட்டு இருபத்திரண்டுக்கு மழை பெய்தது. அதற்கு மறுநாளும். இப்போது மேலே சொட்டத் துணியே இல்லை.

கோகுலன் தயாராக இருந்தான். "நான்தான் சொன்னேனே, வயரிங்." திங்கட்கிழமை பாரம் போக வேண்டும். கையெழுத்து இல்லை என்றால் போட்டி இல்லை, போட்டி இல்லை என்றால் அறை இல்லை. மாட்டிச் சரியாகப் பதினான்கு நாள் ஆன சனிக்கிழமை, இருவரும் எட்டு மணிக்கே ஜெயலெட்சுமி வீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்கள்.

ஷிஃப்ட் முடிந்து வந்து துவைத்து முடித்திருந்த ஜெயலெட்சுமி துணியைக் கொடியில் மாட்டி, பட்டனை அழுத்தினாள். கொடி வெளியே போனது. குளித்தாள். சாமி விளக்கேற்றினாள். மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு வந்து வாசலில் தெளித்தாள், அடுப்பில் தெளித்தாள், ஃப்ரிட்ஜில் தெளித்தாள். கடைசியாகப் பால்கனிக்குப் போய், கம்பிக்குள் கைவிட்டு, அந்தத் தீப்பெட்டித் தகட்டின் மேல் மூன்று தடவை தெளித்து, நடுவில் ஒரு சந்தனப் பொட்டும் வைத்தாள்.

டிட், டிட் என்றது மெஷின். சட்டை, பாவாடை, துண்டு எல்லாம் வரிசையாக உள்ளே ஓடி வந்தன.

ஜெயலெட்சுமி அண்ணாந்து பார்த்தாள். "பாத்தியா! பாத்தியா! மேலேர்ந்து ஊத்துறா!"

கோகுலன் மணியைப் பார்த்தான். எட்டு இருபத்திரண்டு. துளசி தகட்டை விரலால் தொட்டாள். விரல் மஞ்சளாக இருந்தது.

"அக்கா, இதுமேல எதுக்கு..."

"ஏன்? நீதானே ஆரம்பிச்சு வச்ச? மொத நாளு பொட்டு வச்சு, தண்ணி தெளிச்சு. கும்பிட ஆரம்பிச்சதை நடுவுல விடலாமா? வரிவரியாப் பட்டை போட்ட மாதிரி இருந்துச்சு, அதுதான் மெஷினுக்கு நெத்தின்னு நெனச்சேன்."

"அக்கா, அது நனைஞ்சாத்தான் மெஷினுக்கு மழை."

ஜெயலெட்சுமி செம்பைப் பார்த்தாள், தகட்டைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

பத்தே நிமிஷத்தில் கோகுலன் ப்ரோகிராமை மாற்றிவிட்டான். இனி ரெண்டு நிமிஷம் விடாமல் நனைந்தால்தான் மழை. தெளித்த தண்ணீர் அதற்குள் வழிந்துவிடும். சோதித்தும் காட்டினான். பொட்டோடு கொடி அசையாமல் நின்றது. துளசி பாரத்தை நீட்டினாள்.

"போட மாட்டேன்," என்றாள் ஜெயலெட்சுமி.

"அதான் சரியாயிடுச்சேக்கா!"

"அதனாலதான் போட மாட்டேன். மெஷின் சரின்னா தப்பு யாருது? ஒம்பதாம் மாடி வரைக்கும் கத்திட்டு வந்திருக்கேன். நாளைக்கு எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு லிஃப்டுல ஏறுவேன்? மெஷின் கெட்டுப்போச்சுன்னு எழுதிக்கோ, கையெழுத்துப் போடுறேன்."

பாரம் மேசையிலேயே கிடந்தது. கோகுலன் துளசியின் காதில், "நாமளே போட்டுடலாமா?" என்றான். துளசி பார்த்த பார்வையில் அவன் ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போய்விட்டான்.

அவள் மட்டும் ஒரு மாடி ஏறி நல்லம்மாள் கதவைத் தட்டினாள்.

"ஆண்ட்டி, மன்னிச்சிடுங்க. தண்ணி உங்க வீட்டுலேர்ந்து வரல. நாங்க நேர்ல பாக்காம சொல்லிட்டோம்."

"தெரியும்," என்றாள் நல்லம்மாள். பட்டாணி உரித்துக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. "மஞ்சத்தண்ணி தெளிக்கிறா, துணி உள்ள ஓடுது, என்னை அண்ணாந்து பாத்து மொறைக்கிறா. தினமும் மேலேர்ந்து பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே ஆண்ட்டி!"

"என்னை யாரு கேட்டா? நீங்க பேப்பரைத்தானே கேட்டீங்க."

துளசி முகம் தொங்கிப்போய், கையெழுத்துக் கதையையும் அறை கதையையும் சொன்னாள். நல்லம்மாள் பட்டாணியை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து பின்பக்க பால்கனிக்குப் போனாள். குரல் நன்றாகக் கீழே இறங்கும் இடம் எது என்று அவளுக்குத் தெரியாதா?

"நீ ஏன்டிம்மா அழுவுற? அந்த மெஷினைக் கழட்டி இங்க மாட்டு. பதினாலு நாளும் அதைக் கண்ணெடுக்காமப் பாத்தது நான்தானே, நானே கையெழுத்துப் போடுறேன். இவ்வளவு அறிவான மெஷினு! இந்த வீட்டுக்கு வந்தா ராணி மாதிரி வச்சுக்குவேன்!"

கீழே ஒரு நாற்காலி நகர்ந்தது. ஒரு கதவு திறந்தது. லிஃப்டுக்குக்கூடக் காத்திராமல், தலையில் கட்டிய ஈரத் துண்டோடு, ஜெயலெட்சுமி படியேறி வந்தாள். ஒரு கையில் பாரம், ஒரு கையில் பேனா.

"என் மெஷினை யாரும் கழட்ட வேணாம்," என்றாள், நல்லம்மாளைப் பார்க்காமல், கதவு நிலையைப் பார்த்து. பாரத்தை அதே கதவில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். கருத்து என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. பிறகு கட்டத்துக்கு வெளியே போகும் அளவுக்குப் பெரிய எழுத்தில் எழுதி, துளசி கையில் திணித்துவிட்டு, வந்த வேகத்தில் இறங்கிப் போனாள்.

நல்லம்மாள் பாரத்தைப் பிடுங்கிக் கண்ணாடி போட்டுப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள். "இதை ஒரு போட்டோஸ்டேட் எடுத்துக் குடு," என்றாள்.

திங்கட்கிழமை ஹாஃபிஸ் சார் பாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சொறிந்தார்.

"துளசி, இது என்னம்மா? 'மெஷின் நன்றாக உள்ளது. மேல் வீட்டிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் விழவில்லை, விழுந்ததே இல்லை.' போட்டிக்கும் மேல் வீட்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அது முக்கியமான தகவல் சார். எடுத்துட்டா கையெழுத்து செல்லாது."

சார் பாரத்தை உறையில் போட்டு ஒட்டினார். பாரம் போனது, பெயரும் சேர்ந்தது, அறையும் இந்த வருஷத்துக்குத் தப்பியது. பாடகர் குழு இன்னும் வியர்த்துக்கொண்டுதான் பாடுகிறது. போட்டோஸ்டேட் பன்னிரண்டாம் மாடிக் கதவில் செலோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது, லிஃப்டிலிருந்து இறங்கினாலே தெரியும் உயரத்தில். அது ஒட்டிய மறுநாள் பாயசக் கிண்ணம் கீழே போனது. ஜெயலெட்சுமி அதில் முதல் கரண்டியை எடுத்து, மெஷின் முன்னால் வைத்துவிட்டுத்தான் சாப்பிட்டாளாம்.