பேரம் பேசாதவன்

எங்கள் கல்லூரி வகுப்பில் யாராவது ஏதாவது வாங்கப் போனால் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். மற்ற நேரங்களில் அவர்களுக்கு என் நினைவு வருவதில்லை. பிறந்தநாள் பரோட்டாவுக்கும் அய்யனார் கோயில் ஆற்றுக் குளியலுக்கும் போய்விட்டு வந்து, நீயும் வந்திருக்கலாமே என்பார்கள். கடைக்கு என்றால் மட்டும் முந்தின நாளே சொல்லிவைப்பார்கள்.

இது ராஜபாளையத்தில் ஒரு சட்டைக் கடையில் தொடங்கியது. தனுஷ் சட்டை எடுக்கப் போனான். வீட்டுக்குப் போகும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு நேரமிருந்ததால் நானும் போனேன். கடைக்காரர் விலை சொன்னதும் தனுஷ் என்னைப் பார்த்தான். நானோ, அந்த வாரம் படித்துக்கொண்டிருந்த நாவலில் வரும் பெண் ஒரு வீட்டு வாசல்வரை வந்துவிட்டு ஏன் திரும்பிப் போனாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர் விலையைக் குறைத்தார். அவள் பயந்து போகவில்லை, சலித்துத்தான் போனாள் என்று எனக்குப் பட்டது. கடைக்காரர் இன்னும் குறைத்தார். நான் பெருமூச்சு விட்டேன். அவர் ஒரு கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்து, "தம்பி மொகத்தப் பாத்தா கட்டுப்படியாகாதுன்னு சொல்லவும் மனசு வரல" என்றார்.

அதன்பின் கௌதம்ராஜின் செருப்பு, யார் யாருடைய போன் கவரோ, எல்லாவற்றுக்கும் போனேன்.

எங்கள் ஆட்கள் யோசிக்காமல் வாங்குபவர்கள் என்று சொல்ல முடியாது. வெங்கடேஸ்வரி எதை வாங்குவதென்றாலும் போனில் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களை மட்டும் படிப்பாள். புகழ்கிறவன் பொய் சொல்லலாம், திட்டுகிறவன் காசு கொடுத்தவன் என்பது அவள் கட்சி. அப்படிப் படித்தே முதலாண்டிலிருந்து ஒரு பை வாங்காமல் இருக்கிறாள். மில்லுக்குப் போகும் அவள் அப்பாவின் சாப்பாட்டுப் பையில்தான் மூன்றாம் ஆண்டுப் புத்தகங்களும் வருகின்றன. கௌதம்ராஜ் நேர்மாறு. முதலில் வாங்கிவிடுவான். பிறகு உட்கார்ந்து எல்லா விமர்சனங்களையும் பார்த்து, தான் செய்தது சரிதான் என்று சொல்கிற ஒருவன் கிடைக்கும்வரை தேடுவான். தனுஷ் வகுப்பு வாட்ஸப் குழுவில் ஓட்டெடுப்பு நடத்துவான். முடிவு பிடிக்காவிட்டால் மறுபடியும் நடத்துவான்.

இத்தனைக்கும் பிறகு கடைசிப் பரிசோதனை என் முகம். அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் இல்லை என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கடைக்கும் கூப்பிட மாட்டார்கள்.

மூன்றாம் ஆண்டில் தனுஷ் பழைய பைக் ஒன்று வாங்கக் கிளம்பினான். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாணப் பந்தியில் பரிமாறிச் சேர்த்த பணம். வண்டி கூமாப்பட்டியில் இருந்தது. ராணுவத்திலிருந்து ஓய்வுபெற்ற கருத்தப்பாண்டி என்பவருடையது. முப்பத்தெட்டாயிரம் கேட்டிருந்தார். முப்பதுக்கு மேல் ஒத்த ரூபாய் கொடுக்க மாட்டேன் என்று தனுஷ் கல்லூரி வேப்பமரத்தடியில் வகுப்புக்கே அறிவித்தான். எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "நவாஸு வாரான்ல" என்றான்.

அந்த நவாஸ் நான்தான். பைக் என்பது சட்டை அல்ல. அங்கே என் முகம் பலிக்காவிட்டால் திங்கட்கிழமை முதல் நான் யாருக்கும் தேவைப்பட மாட்டேன்.

கூமாப்பட்டி பஸ்ஸில் வாயை மூடிக்கொண்டு வரவேண்டும் என்று முயன்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக முடியவில்லை. தனுஷிடம் அவன் அம்மாவின் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன். வெயிலைப் பற்றிச் சொன்னேன். அவன் பதறிப்போய், "சும்மா வா மாப்ள, இங்கயே பேசித் தீத்துராத" என்றான்.

கருத்தப்பாண்டி வீட்டு முற்றத்தில் வண்டி துடைத்து நிறுத்தப்பட்டிருந்தது. தனுஷ் ஓட்டிப் பார்த்தான். கண்ணில் ஆசை தெரிந்தது. கருத்தப்பாண்டி எங்களுக்கு நாற்காலி போட்டு, "முப்பத்தெட்டு" என்றார். பிறகு எதிரே தெரிந்த மலையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்.

தனுஷ் அழுத்தமாக முப்பது என்று சொல்லி என் முழங்காலைத் தட்டினான். நான் பேசாமல் இருந்தேன். அவரும் பேசாமல் இருந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் வியாபாரம் இல்லை. அவர் உண்மையாகவே மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மேகம் ஒன்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது.

அவர் மனைவி மாரிக்கனி டீ கொண்டுவந்தார். எங்கள் மூவரையும் பார்த்துவிட்டு, ஏதும் சண்டையா என்று தனுஷிடம் கேட்டார். பிறகு அவரே, "அவிய அப்பிடித்தான் தம்பி. பனிமலையில காவல் நின்னுட்டு வந்ததுலருந்து பேச்சுக் கொறஞ்சுபோச்சு. நீங்க குடிங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"முப்பத்திரெண்டு" என்றான் தனுஷ்.

மேகம் பாதி மலையை மூடிவிட்டது. என்ன யோசிக்கிறாய் என்று கேட்காத ஒரு மனிதர் பக்கத்தில் உட்கார்ந்து எத்தனை காலமாயிற்று என்று நினைத்துக்கொண்டேன். வந்த வேலை மறந்துவிட்டது.

"முப்பத்தஞ்சு, அண்ணாச்சி."

நான் அவன் காலை மிதித்து நிறுத்தியிருக்கலாம். ஆனால் அசைந்தால் அந்த அமைதி கலைந்துவிடும்போல் இருந்தது. தனுஷ் நெளிந்தான், டீயை ஊதினான், என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். கடைசியில், "சரி, நீங்க சொன்னதே இருக்கட்டும்" என்றான்.

அவர் திரும்பவில்லை. அதுவும் போதவில்லை என்று தனுஷ் எடுத்துக்கொண்டான். சட்டைப்பையில் முப்பதும், யாருக்கும் சொல்லாமல் பேன்ட் பையில் பத்தும் வைத்திருந்தான். "நாப்பது. இதுக்கு மேல எங்கிட்ட இல்ல அண்ணாச்சி" என்றான், அழாத குறையாக.

கருத்தப்பாண்டி இப்போதுதான் விழித்தவர்போல் திரும்பினார். "நான் கேட்டதே முப்பத்தெட்டுதானலே. நீ யாரு கூட ஏலம் கேக்க?"

முப்பத்தெட்டை வாங்கிக்கொண்டு சாவியும் ஆர்.சி. புத்தகமும் பழைய ஹெல்மெட்டும் கொடுத்தார். பிறகு என்னைக் காட்டி, "வண்டிய எடுத்துக்கிட்டு நீ கெளம்பு. இந்தத் தம்பி செத்த நேரம் இருந்துட்டு வரட்டும்" என்றார். எனக்கு இருக்க ஆசைதான். தனுஷின் முகத்தைப் பார்த்து வண்டியில் ஏறிக்கொண்டேன்.

வத்திராயிருப்பு தாண்டும்வரை வண்டியை விரட்டினான். பிறகு, "என்ன மாப்ள, நீ அவரு கூடச் சேந்துகிட்ட?" என்றான். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை வேப்பமரத்தடியில் வண்டியைச் சுற்றி வகுப்பே நின்றது. கௌதம்ராஜ் டயரை அமுக்கினான். வெங்கடேஸ்வரி கீறல்களைத் தேடினாள். எம்புட்டுக்கு முடிஞ்சது என்று யாரோ கேட்டார்கள்.

"இருவத்தொம்போது" என்றான் தனுஷ்.

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எனக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் அவன் அங்கேயே செத்துப்போவான். வண்டியின் பெட்ரோல் டேங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கௌதம்ராஜ் மற்றவர்களிடம் சொன்னான்: "அவன் மொகத்தப் பாருங்கலே. இன்னுங் கொறச்சிருக்கலாமேன்னு வருத்தப்படுதான்."

வெங்கடேஸ்வரி போனை மூடிவிட்டு, சனிக்கிழமை என்னோடு பை வாங்கப் போவதாக முடிவெடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் நாள் கேட்டார்கள்.

அன்று மாலை பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது தனுஷ் வண்டியைப் பக்கத்தில் நிறுத்தி, "ஏறு" என்றான். அவன் வீடு இருப்பது ராஜபாளையத்தின் மறுகோடியில். ஸ்ரீவில்லிபுத்தூர் வரை போய்த் திரும்பும் பெட்ரோலையும் சேர்த்தால் அந்த வண்டியின் விலை சீக்கிரமே நாற்பதைத் தாண்டிவிடும். சொல்லிப் பார்த்தேன். காதில் வாங்கவில்லை. எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டு, வண்டியின் விலையைப் பற்றி யாரிடமாவது பேசினேனா என்று கேட்டான். இல்லை என்றேன்.

"நாளைக்கு எட்டரைக்கு வாரேன். பஸ்ஸுல போயிராத மாப்ள" என்றான். "பஸ்ஸுல எவனாவது கேப்பான்."