படவாடிக்குத் திரும்பிய படங்கள்

நாயாற்றுப் படவாடியில் விற்கப்பட்ட படங்கள் எல்லாம் திரும்பி வந்துவிடும். முதலில் வந்தது ஞானப்பிரகாசம் தீட்டிய நீலப் படகுப் படம். கொழும்பிலிருந்து சுற்றுலா வந்த பல் வைத்தியர் ஒருவர் அதை வாங்கி, காரின் பின் இருக்கையில் படுக்கவைத்துக் கொண்டுபோனார். சோழகக் காற்று தொடங்கிய ஒரு காலையில் அது தன் பழைய ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. சட்டத்தின் கீழ் விளிம்பில் செம்மண் புழுதி, ஒரு மூலையில் யாரோ துப்பிய வெற்றிலைச் சாறு. மாங்குளம் சந்தியில் தேநீர்க்கடை வைத்திருக்கும் தவராசா, முந்தின நாள் அந்தப் படம் தன் கடைச் சுவரில் சாய்ந்தபடி முல்லைத்தீவு பஸ்ஸுக்குக் காத்து நின்றதாகவும், வெயிலில் நிறம் மங்கிவிடும் என்று தான் ஒரு யூரியாப் பையால் அதை மூடிவிட்டதாகவும் பின்னர் சொன்னார். பஸ் நடத்துனரும் அதை ஏற்றியதை மறுக்கவில்லை. கர்ப்பிணிப் பெண் ஒருத்தி ஏறியபோது படம் எழுந்து இடம் கொடுத்தது என்று ஊரில் சொல்லப்பட்டதை மட்டும் தான் கண்ணால் காணவில்லை என்றார்.

படவாடி என்பது ஊர் வைத்த பெயர். சண்டை முடிந்த பிறகு ஒரு தொண்டு நிறுவனம் மீனவர்களுக்காகக் கட்டி, இயந்திரம் வருவதற்கு முன்பே விட்டுப்போன ஐஸ் கட்டடம் அது. கிழிந்த வலைகள் கிடந்த அந்தத் தடித்த சுவர்களுக்குள், படகுகளுக்குப் பெயர் எழுதிப் பிழைத்த ஞானப்பிரகாசமும், படகின் பழைய பாய்ச்சீலையில் நூலாலும் வண்ணத்தாலும் ஊரையொட்டிய கடலேரியான களப்பைப் படமாகக் கீறிய மரியமலரும், முத்தையன்கட்டு ஊரில் நெல் விதைக்கும் குடும்பத்தில் பிறந்து யாழ்ப்பாணத்தில் நுண்கலை படித்த கஜனியும், இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். முறை வைத்துக் கதவு திறந்தார்கள். முறை வைத்துத் தரை கூட்டினார்கள். மீனவர்களின் கொட்டில்களான மீன்வாடிகளுக்குப் பக்கத்தில் இருந்ததால் அதுவும் ஒரு வாடி என்றே ஆகிவிட்டது.

பல் வைத்தியருக்கு விசயத்தை விளங்கப்படுத்துவது சிரமமாக இருந்தது. அவர் களவு என்று முறையிட, பொலிசார் வந்து பார்த்து, சுவரில் தொங்கியதைத் தாங்களே பொதி செய்து கொழும்புக்கு அனுப்பினார்கள். அடுத்த மாதம் அது கட்டிய கயிறு அவிழாமலே வந்து சேர்ந்தது. பிறகு வைத்தியர் கோபத்தை விட்டுவிட்டு, வருடத்துக்கு ஒருமுறை வந்து தன் படத்தைப் பார்த்துப் போகத் தொடங்கினார். சங்கமும் இனி வாங்குபவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது என்று தீர்மானித்தது. அப்படிச் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் ஆட்கள் கேட்டு எழுதினார்கள். ஊருக்கு வர விசா இல்லாதவர்கள், வந்தாலும் பார்க்க யாரும் இல்லாதவர்கள், பயணம் செய்ய உடம்பு இடம் கொடுக்காதவர்கள். படம் சுவரில் இலேசாக ஆடத் தொடங்கினால் அது புறப்படப்போகிறது என்று அர்த்தமாம். ஸ்காபரோவில் ஒரு முதியவர், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தபடியால், படத்துக்குத் தன் கம்பளிச் சால்வையைச் சுற்றிக் கதவைத் திறந்துவிட்டார். அந்தச் சால்வையால்தான் இன்றைக்கும் படவாடியில் மேசை துடைக்கிறார்கள்.

ஊருக்கு இதில் பெருமை. ஊரிலுள்ள எல்லோருமே ஒருகாலத்தில் ஓடிப்போய்த் திரும்பி வந்தவர்கள். கஜனிக்கு மட்டும் பிடிக்கவில்லை. சின்ன வயதில் அவள் வீடுகளிலும் மரங்களுக்குக் கீழேயும் கூடாரங்களிலும் கம்பிவேலிக்குள்ளும் இருந்திருக்கிறாள். திரும்பி வந்ததைப் பற்றி மற்றவர்கள் பேசும்போது, அவளுக்கு நினைவு வந்ததெல்லாம் கிணற்றுக்குள் கிடந்த தகரங்களும், தகப்பன் நடராசா தன் வயல் வரம்பைத் தேடிப் பற்றைக்குள் நாள் முழுக்க நடந்ததும்தான். ஓர் இடத்தில் உட்கார அவளால் முடியாது. தேநீரையும் நின்றுகொண்டே குடிப்பாள். அவள் கீறிய முதல் படம் பாரிசுக்குப் போய்த் திரும்பி வந்தபோது, மற்றவர்கள் கைதட்ட, அவள் வெளியே போய் மணலில் மேலும் கீழுமாக நடந்தாள். பிறகு ஊரின் அடையாளம் எதுவும் இல்லாமல் கீறிப் பார்த்தாள். சிவப்பு மட்டும் பூசிய பலகை ஒன்றைக் கீறினாள். தான் ஒருபோதும் காணாத பட்டணம் ஒன்றைக் கீறினாள். பட்டணம் நோர்வேயிலிருந்து கடல்வழியாக வந்து, களப்பு வாயில் யாரோ ஒருவரின் இறால் வலையில் சிக்கியது.

சங்கக் கூட்டமொன்றில் அவள் வாய்விட்டுச் சொன்னாள். “என்ர படம் ஒண்டாவது போன இடத்தில நிக்கவேணும். அங்கத்தைச் சுவரில தொங்கி, அங்கத்தைத் தூசி பிடிச்சுப் பழசாக வேணும். உதுகளும் எங்களைப் போல இருக்கத் தெரியாமல் திரியுதுகள்.”

“வாறதில என்ன பிழை பிள்ளை?” என்றாள் மரியமலர். “வராமல் இருக்கிறதுதான் பிழை.”

அவள் யாரைச் சொல்கிறாள் என்பது எல்லோருக்கும் தெரிந்தபடியால் கூட்டம் அத்துடன் முடிந்தது. மரியமலரின் ஒரே மகன் ஜெனுசன், அவுஸ்திரேலியாவுக்குப் படகுகள் போய்க்கொண்டிருந்த வருடத்தில், திருகோணமலைப் பக்கக் கரையொன்றில் இழுவைப்படகு ஒன்றில் ஏறியவன். ஏறப்போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னான். அந்தப் படகு எந்தக் கரையிலும் சேரவில்லை. அது தாண்டு மூழ்கியதைக் கண்டவர்களும் இல்லை. மகன் எங்கே என்று கேட்பவர்களுக்கு, பயணத்தில் நிற்கிறான் என்றே அவள் பதில் சொல்லிவந்தாள்.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஒருநாள், கஜனி தூரிகை கழுவிக்கொண்டிருந்தபோது மரியமலர் பக்கத்தில் வந்து நின்று, தன் மகனைக் கீறித் தரும்படி கேட்டாள். சும்மா தரக்கூடாது, தான் வாங்கவேண்டும், வாங்கினால்தான் படம் பயணம் போகும் என்றாள். கஜனி கழுவிய தூரிகையையே மறுபடி கழுவினாள். இதுவரை போன எல்லாம் வந்திருக்கின்றன, அவனுடைய படமும் வந்துவிட்டால் என்ன நினைப்பது என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. கேட்காததற்கு மரியமலரே பதில் சொன்னாள்.

“வந்தால், அவனுக்குப் போய்ச் சேர இடமில்லை எண்டு நினைப்பன். சேமக்காலையில ஒரு குருசு நடுவன். ஏதோ ஒண்டு எனக்குத் தெரியவேணும் பிள்ளை.”

இருந்த ஒரே படம், அடையாள அட்டைக்காக எடுத்தது. கஜனி அதைப் பார்த்துக் கீறத் தொடங்கியதும் மரியமலர் தடுத்தாள். அந்த வயதில் இப்போது அவன் இல்லை என்றாள். ஆகவே அவள் சொல்லச் சொல்லக் கஜனி கீறினாள். தகப்பனுக்குப் போல நெற்றி ஏறியிருக்கும். வயிறு கொஞ்சம் வைத்திருக்கும். கண்ணுக்குக் கீழே சோர்வு இருக்கும், ஆனால் நிறையப் போடவேண்டாம். தாடி வைப்பதா என்று கஜனி கேட்டபோது மரியமலர் எழுந்து கரையோரம் தூரமாக நடந்துபோனாள். வெயில் தாழ்ந்த பிறகே திரும்பி வந்தாள்.

“அவன் நிக்கிற இடத்தில சவரக்கத்தி கிடைக்குமோ தெரியாது. கொஞ்சமாய்ப் போடு.”

பங்குனியில் கடல் அடங்கியதும் ஞானப்பிரகாசம் தன் படகில் இரண்டு பெண்களையும் ஏற்றிக்கொண்டு, கரைப் பனைகள் மறையும் வரைக்கும் ஓடினார். மரியமலர் தன் கையாலேயே படத்தைத் தண்ணீரில் வைத்தாள். அது முகம் மேலே பார்க்க மிதந்தது. நீரோட்டம் அன்றைக்கு வடக்கே இழுத்துக்கொண்டிருந்தது. படம் கிழக்கே போனது. ஞானப்பிரகாசம் இயந்திரத்தை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினார். அது செத்தவீட்டுப் பழக்கம் என்று நினைவு வந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஊருக்கே இருப்புக்கொள்ளவில்லை. வலை இழுப்பவர்கள் மீனைப் பார்க்குமுன் பலகை ஏதும் கிடக்கிறதா என்று பார்த்தார்கள். கோயிலில் பூசை நடக்கும்போதும் யாராவது ஒருவர் தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தார். மற்றப் படங்கள் வழமைபோல வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்று வரும்போதும் மரியமலருக்கு முகம் வெளிறியது. வவுனியாவில் கஜனிக்குச் சித்திர ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. அவள் பையை அடுக்குவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஒருநாள் செம்மலைக் கரையில் பலகை ஒன்று ஒதுங்கியதாகச் சொன்னார்கள். மரியமலர் ஓடவில்லை. கஜனியின் தோளைப் பிடித்தபடி மெல்ல நடந்துபோய்ப் பார்த்தாள். அது ஏதோ மீன்பெட்டியின் மூடி. மரியமலர் ஈரமணலில் உட்கார்ந்து, கைநிறைய மணலை அள்ளி அள்ளித் தன் மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

வாடைக்காற்று வந்து போனது. களப்பு நிரம்பி, வாய் உடைந்து, மறுபடி மூடியது. படம் வரவில்லை. கஜனியால் பொய் சொல்ல முடியவில்லை.

“கடலுக்க தாண்டு போயிருக்கும் அன்ரி,” என்றாள்.

“நோர்வேயில இருந்து வந்தது தாழேல்ல. கயிறு கட்டோட ஒண்டு வந்தது. தாழுற படங்களோ உதுகள்?” என்றாள் மரியமலர். குரலில் கோபம் இல்லை. “அது அவனோட நிக்குது. நீ கேட்டதுதானே பிள்ளை, ஒண்டாவது நிக்கவேணும் எண்டு.”

கஜனி வவுனியா வேலையை ஏற்றுக்கொண்டு போனாள். ஆனால் போன இடத்தில் நிற்கும் படம் தன்னை இவ்வளவு யோசிக்கவைக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. வெயில் படுகிறதா, உப்புப் பிடிக்கிறதா, அவன் அதை எங்கே தொங்கவிட்டிருக்கிறான் என்று வகுப்பில் நிற்கும்போதும் நினைப்பு ஓடியது. விடுமுறைக்கு விடுமுறை பஸ் ஏறிப் படவாடிக்கு வந்தாள். வந்த மறுநாளே எப்போது போவது என்று யோசித்தாள்.

அப்படி வந்த ஒரு சனிக்கிழமை, சோறும் கறியும் கீறுவாயா என்று மரியமலர் அவளைக் கேட்டாள். மரியமலர் ஒட்டி மீன் குழம்பும் முருங்கையிலை வறையும் ஆக்கிச் சாப்பாட்டுத் தட்டான பீங்கான் கோப்பையில் போட்டு முன்னே வைத்தாள். ஆவி பறக்கக் கீறவேண்டும் என்பதால், ஆற ஆற மறுபடி சூடாக்கினாள். படம் முடிந்ததும் சோற்றை ஞானப்பிரகாசம் சாப்பிட்டார். முன்போலவே படத்தை வாங்கி, முன்போலவே கிழக்குக் கடலில் விட்டார்கள்.

இந்தப் படம் திரும்பி வந்தது. காலையில் கதவைத் திறந்த ஞானப்பிரகாசம், ஈரம் சொட்டத் தொங்கிய அதைப் பார்த்துவிட்டுப் போய் மரியமலரைக் கூட்டிவந்தார். கோப்பையில் சோறு இல்லை. குழம்பை வழித்த விரல் தடம் இருந்தது. முள்ளெல்லாம் ஓரத்தில் ஒதுக்கப்பட்டிருந்தது. செத்தல் மிளகாய் மட்டும் தொடப்படாமல் கிடந்தது. மரியமலர் கிட்டப் போய்ப் பார்த்தாள். பிறகு, உறைப்பைக் குறைத்திருக்கலாம் என்றாள்.

அதிலிருந்து கஜனி விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு சாப்பாடு கீறுவதும், அது போய் வெறும் கோப்பையாக வருவதும் படவாடியில் வழக்கமாகிவிட்டது. பார்க்க வருபவர்கள் வெறும் கோப்பைகளை விலைக்குக் கேட்டால் கொடுப்பதில்லை. சென்ற நத்தார்ப் பண்டிகைக்கு மரியமலர் நண்டுக்கறி வைத்து, இம்முறை இரண்டு கோப்பைகள் கீறச் சொன்னாள். இந்த வயதில் கல்யாணம் முடித்திருப்பான் என்றாள். புதுவருடம் பிறந்து சில நாட்களில் படம் வந்தது. ஒரு கோப்பை வழித்துத் துடைத்ததுபோல இருந்தது. மற்றதில் சோறு தீர்ந்திருந்தது, நண்டுக்கால்கள் மட்டும் உடைக்கப்படாமல் அப்படியே கிடந்தன. மருமகளுக்கு நண்டு தின்று பழக்கம் இல்லைப்போல என்று சொல்லிக்கொண்டு, மரியமலர் கோழி வாங்கச் சந்தைக்குப் புறப்பட்டாள்.